மலைநாட்டு மனையிற் பாம்பும் தவளையும் அணுகாமற் காத்தல்

“பாம்பென்றாற் படையும் நடுங்கும்” என்பது நம்மவர் பழமொழி. தோட்டத்து லயத்தின் முற்றத்தில் ஒரு சாண் நீளப் பாம்பு தோன்றினாலும் போதும். பத்துக் குடும்பங்களும் தடியோடு கூடிவிடும். பாம்பு அடிபட்டுச் சாகும், கூட்டம் கலையும். ஆனால் அது ஏன் வந்தது, எவ்வழியாய் வந்தது, நாளை மற்றொன்று வாராதிருக்கச் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஆசிரியராயும் மருத்துவராயும் தோட்ட உத்தியோகத்தராயும் பணியாற்றுவதால், அவ்வினாக்களை இம்மலரில் ஆராய்தல் பயனுடைத்தென்று கருதுகின்றோம்.

விடயம் சிறிதன்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பெற்ற ஆய்வொன்றின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். அவருள் 30,000 பேர் வரையில் நஞ்சேறித் துன்புறுகின்றனர். 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டிற் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் வரிசையிற் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்னும் சொல் பொருத்தமானதே. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்கும் எளியவரையே இத்துன்பம் பெரும்பாலும் சார்கின்றது.

எவை வருகின்றன?

பாம்பும் ஓணானும் தவளையும் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள மாட்டாதன. சூழலின் வெப்பத்தையே சார்ந்து வாழ்வன. ஆதலின் நிலத்தின் உயரம் மாற, அங்கு வாழும் பாம்பினமும் மாறும். நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் வெப்பமான தாழ்நிலத்தை விரும்புவன. மலையேற ஏற இவை அருகுகின்றன. கினிகத்தேனை போன்ற தாழ்ந்த சரிவுகளில் நாகத்தைப் பற்றிய எச்சரிக்கை வேண்டற்பாலது. 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவின் குளிரில் இந்நான்கனுள் ஒன்றையேனும் காண்டல் மிக அரிது.

நுவரெலியாவில் மரக்கறிப் பாத்தியைக் கிளறும்போதும், எருக்குழியைப் புரட்டும்போதும், கல்லைப் பெயர்க்கும்போதும் வெளிப்படும் சிறிய கபிலநிறப் பாம்பு, இலங்கை மலைநாட்டுக்கே உரியதொரு வகை. சிங்களவர் இதனை மெடில்லா என்பர். அறிவியலார் அஸ்பிடுரா என்னும் இனத்துள் அடக்குவர். ஒரு முழமும் நீளாத இப்பிராணி மண்புழுவைத் தின்று வாழ்வது. மனிதர்க்கு யாதொரு தீங்கும் செய்யாதது. “விரியன் குட்டி” என்று தவறாகக் கருதி நம்மவர் அடித்துக் கொல்வனவற்றுட் பல இவ்வப்பாவிப் பாம்புகளே.

மெய்யாகவே அஞ்சத்தக்கது, நூல்களிற் கோப்பி விரியன் என வழங்கும் பாம்பாகும். சிங்களத்தில் இது குணகட்டுவா எனப்படும். நீளம் ஏறத்தாழ ஒரு முழம், தலை முக்கோணம், மூக்கின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். உதிர்ந்த சருகின் நிறமே அதன் நிறமாதலால், சருகினிடையே சுருண்டு கிடக்கும்போது கண்ணுக்குப் புலப்படாது. இலங்கையில் மிகுதியான கடிகளுக்குக் காரணமான பாம்புகளுள் இதுவே முன்னிற்பது. இவ்வினத்தில் மூன்று வகைகள் உண்டென்று 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர் பிரித்து வரையறுத்தனர். அவற்றுள் இரண்டு இலங்கைக்கே உரியன. அவ்விரண்டனுள் ஒன்று மலைநாட்டில் வாழ்வது. இதனையன்றித் தேயிலைச் செடியின் கிளைகளிலேயே தங்கும் பச்சை விரியனும் உண்டு. கொழுந்து பறிக்கும் கையை அது தீண்டுவதுண்டு. வலியும் வீக்கமும் மிகும். எனினும் உயிரிழப்பு மிக அரிது.

ஏன் வருகின்றன?

பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. அடித்த பாம்பின் இணை பழிவாங்க வரும் என்பதும் கதையே. பாம்பை நம் மனைக்கு அழைப்பன மூன்று: இரை, ஒதுக்கிடம், வழி. இம்மூன்றும் இருக்குமிடத்துக்கு அது வரும்; இம்மூன்றும் நீங்கின் தானே விலகும்.

முதலாவது இரை. லயத்துக் காம்பராவில் அரிசியும் மாவும் உண்டு; ஆதலின் எலி உண்டு; எலி உள்ளவிடத்திற் சாரையும் நாகமும் வருதல் இயல்பு. முற்றத்து விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும். பூச்சியைத் தின்னத் தேரை வரும். தேரையைத் தின்னப் பாம்பு வரும். கோழிக்கூட்டின் முட்டையும் குஞ்சும் மற்றோர் அழைப்பு.

இரண்டாவது ஒதுக்கிடம். தேயிலை மலையிற் கவ்வாத்து வெட்டியபின் எஞ்சும் மிலாற்றைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொணர்ந்து லயத்தின் பின்புறத்தில் நிலத்தோடு நிலமாக அடுக்குகின்றனர். சருகும் சுள்ளியும் கலந்த அவ்வடுக்கு, கோப்பி விரியனுக்கு அதன் காட்டு வீட்டினின்றும் வேறுபட்டதன்று. பழைய தகரம், உடைந்த ஓடு, குவித்த கல், மண்டிய மாணாப்புல், சுவரோடு சேர்ந்து வளர்ந்த வேலி ஆகிய அனைத்தும் அவ்வாறே. மழையில் வளைகள் நீரால் நிரம்பும்போது உலர்ந்தவிடம் நாடி அவை மனைப்பக்கம் ஒதுங்கும்.

மூன்றாவது வழி. நாகமோ விரியனோ தானாக வளை தோண்டுவதில்லை. எலி தோண்டியதிற் குடிபுகுவதே வழக்கம். “கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல” என்னும் பழமொழி உயிரியல் உண்மையே. கதவின்கீழ் இடைவெளி, சுவர் வெடிப்பு, நீர்செல் துளை, மலையை வெட்டி வீடமைத்தவிடத்துக் கற்சுவரின் பொந்து ஆகியவை வழிகளாம்.

பயன்படாத வழிகள்

மனையைச் சுற்றிப் பூண்டுநீர் தெளித்தல், பெருங்காயம் கரைத்து ஊற்றல், கந்தகம் தூவல், அந்துருண்டை இடுதல், சிறியாநங்கை நடுதல் ஆகியன நம்மிடை வழங்கும் முறைகள். பாம்பு தன் பிளவுபட்ட நாவாற் காற்றிலுள்ள நுண்துகள்களைத் தொட்டு, வாயின் மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பாற் சுவைத்தறிகின்றது என்பது உண்மை. ஆயினும் கடுமணம் அதற்கு வெறுப்பாகும் என்பது நம் ஊகமேயன்றி நிறுவப்பட்டதன்று. நப்தலீன் உருண்டையையும் கந்தகத்தையும் பாம்பின் முன்னிட்டு 1980களில் அமெரிக்காவிற் சோதித்தபோது, அவை பாம்பைத் தடுக்கவில்லை. நனைந்து கொண்டேயிருக்கும் மலைநாட்டு மண்ணில் எம்மணமும் ஓரிரவு தங்குவதும் அரிது.

இவற்றாற் பயனின்மையோடு கேடும் உண்டு. அந்துருண்டையைக் குழந்தை விழுங்கின், அது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கவல்லது. வளையில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீயிடுவது லயம் முழுவதற்கும் ஆபத்து. தவளையின்மீது உப்பு எறிவது வீண் கொடுமை. தவளை தன் தோலினாலும் மூச்சுவிடுவதாதலால் உப்பு அதனை வதைத்துக் கொல்லும். எல்லாவற்றினும் பெரிய கேடு, மருந்து தெளித்தாயிற்று என்னும் நிறைவில் மிலாற்றுக் குவியலை அப்படியே விட்டுவிடுதலாம்.

பயன்படும் வழிகள்

வீட்டைச் சுற்றி ஈரடி அகலத்துக்குப் புல்லும் செடியும் சருகுமின்றி வெறுநிலமாக வைத்தல் முதற் பணி. மறைவின்றித் திறந்த நிலத்தைக் கடப்பதைப் பாம்பு விரும்புவதில்லை. கடப்பினும் நம் கண்ணுக்குத் தோன்றிவிடும். வேலிச்செடியின் அடிக்கிளைகளை நிலத்தினின்று ஓரடி உயரத்துக்குக் கழித்துவிடல் வேண்டும்.

மிலாற்றையும் விறகையும் சுவரிலிருந்து விலக்கி, நிலத்தினின்று ஓரடி உயரத்தில் நான்கு கவைக்கம்புகளின்மீது பரண் கட்டி அடுக்குக. அதன்கீழ் வெளிச்சம் ஊடுருவுதல் வேண்டும். கட்டை அவிழ்க்கும்போது முதலிற் தடியாற் தட்டி உதறிய பின்பே கையிடல் வேண்டும். மலையிற் கட்டிய கட்டினுள்ளேயே பாம்பு வந்துசேர்தலும் கூடும்.

அரிசி, மா, கோழித்தீன் ஆகியவற்றை மூடியுள்ள தகரப் பேணியில் வைக்க. எஞ்சிய சோற்றை முற்றத்தில் எறிதலை ஒழிக்க. எலி ஒழியின் பாம்பு குறைவதோடு எலிக்காய்ச்சலும் குறையும். ஒரு பணிக்கு இரு பயன். கோழிக்கூட்டை நிலத்தினின்று உயர்த்திக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் அடைக்க. அதே வலையை நீர்செல் துளைகளுக்கும் இடலாம். நம் சுண்டுவிரல் நுழையும் துளையில் எலிக்குஞ்சு நுழையும்; எலிக்குஞ்சு நுழையுமிடத்திற் சிறு பாம்பும் நுழையும். இவ்வளவையே அளவுகோலாகக் கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்துச் சீமெந்தாலோ களிமண்ணாலோ அடைக்க. கதவின்கீழ் இடைவெளிக்குப் பழைய றப்பர்ப் பட்டியொன்றை ஆணியடித்தாலே போதும்.

குளியலறையிலும் பீலிக்கரையிலும் வந்து தங்கும் தவளையைப் பற்றி ஒரு சொல். அது நாடுவது ஈரமும் விளக்குப் பூச்சியும். நீர்ப்பீப்பாவுக்கு மூடியிடுக, சிரட்டை, பழைய ரயர் முதலியவற்றிற் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுக, தேவையற்ற வெளிவிளக்கை அணைக்க. நுளம்பும் இதனால் அடங்கும். உள்ளே வந்த தவளையை நனைந்த பொலித்தீன் பையாற் பற்றி வெளியே நிழலில் விடலாம். தேரையின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியின் பால் நச்சுத்தன்மையுடையது; நாய் கவ்வின் வருந்தும். தொட்டவர் கைகழுவினாற் போதும். தேரை தொட்டால் மரு உண்டாகும் என்பது பொய். இரவில் வேலியிலும் தேயிலைச் செடியிலும் ஒலிக்கும் சிறு புதர்த்தவளைகளோ வேறு இயல்பின. அவை நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையினின்று வாற்பேத்தைப் பருவமின்றி நேரே தவளைக்குஞ்சு வெளிப்படும். ஆதலின் நீரை வடித்து அவற்றை ஒழிக்க முயல்தல் வீண். அவற்றால் வீட்டுக்குத் தொல்லையுமில்லை.

ஒரு வீட்டால் ஆகாதது

மேற்கூறியன தனி வீட்டுக்குப் பொருந்துவன. லயத்தின் அமைப்போ வேறு. நீண்ட ஒரே கூரையின்கீழ்ப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் நிற்கின்றன. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகாக மற்றொரு வரிசையும் உண்டு. இடைச்சுவர்கள் கூரையைத் தொடாது நிற்குமிடங்களில், தகரத்தின் கீழுள்ள வெளி எலிகளுக்கு ஓர் இராசபாட்டையாகும். ஒரு குடும்பம் தன் துளையை அடைத்து, அரிசியை மூடி, விறகைப் பரணிலேற்றினாலும், அடுத்த காம்பராவின் எலி மேல்வழியே வந்துவிடும். எலியின் பின்னே பாம்பும் வரும். ஆகவே லயத்திற் பாம்பைத் தடுத்தல் பொதுப்பணி. லயம் முழுவதும் ஒரே நாளிற் துப்புரவு செய்து, ஒரே நாளில் விறகை மாற்றி, ஒரே நாளில் எலிப்பொறி வைத்தாலன்றிப் பயன் விளையாது. கோயிற் திருவிழாவுக்குப் பந்தற்கால் நடும்போது ஒன்றுகூடும் நம்மவர்க்கு மாதம் ஒரு ஞாயிறு காலை இதற்காகக் கூடுதல் அரிதன்று.

ஆயினும் குடியிருப்போரின் உழைப்பால் மட்டும் தீராதனவும் உள. சுவர் வெடிப்பும் கூரைப் பழுதும், இடிந்த கானும், லயத்துக்கும் கழிப்பறைக்கும் இடையிலுள்ள இருண்ட பாதையும், மலையின் களையும் குடும்பத்தின் கையில் இல்லை. அவை தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாவன. 2015ஆம் ஆண்டிற் கிளைபோசேற்றுக் களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2018இற் தேயிலைக்காகத் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் களை மண்டிய மலையில் இறங்குவது எத்துணை இடர் என்பதைக் கொழுந்து பறிப்போர் நன்குணர்ந்தனர். களைகொல்லி வேண்டும் என்பது நம் வாதமன்று. சுரண்டியாலாயினும் களை எடுக்கப்படல் வேண்டும். மலைக்கு இறங்குவோர்க்குக் காற்பாதுகாப்பு வேண்டும். 2015ஆம் ஆண்டின்பின் ஏழு பேர்ச் நிலத்திற் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்குத் தம் எல்லையைத் தாமே காக்கும் வாய்ப்பு உண்டு. லயத்தில் இன்றும் வாழ்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பாம்புக்கு அஞ்சி உறங்கும் குழந்தையின் அச்சத்தில் வீட்டுரிமைப் பிரச்சினையும் கலந்திருக்கின்றது என்பதைப் படித்தவர் மறத்தலாகாது.

கடித்துவிட்டால்

எத்துணை காத்தும் கடி நிகழ்தல் கூடும். அப்போது கடிபட்டவரை அமைதியாக இருத்துக. வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நடக்கவிடாது தூக்கிச் செல்க. கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், பாம்புக்கல் வைத்துக் காத்திருத்தல் ஆகிய யாவும் கேடு. பாம்பைத் துரத்திப் பிடிக்க முயல்வோர் இரண்டாவது நோயாளியாதலும் உண்டு. கைப்பேசியாற் படமெடுத்தாற் போதும். 1990 என்னும் எண்ணுக்கு அழைப்பின் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அது வரும் பாதைவரையில் நோயாளியைத் தூக்கிச் செல்வதற்கு ஆட்களும் பலகையும் லயத்தில் முன்னரே ஏற்பாடாயிருத்தல் நன்று.

இங்கு யாவரும் அறியவேண்டியதொன்று உண்டு. இந்தியாவிலிருந்து வரும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கன் நஞ்சுக்கே ஆக்கப்பட்டது. கோப்பி விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. “வைத்தியசாலையில் ஊசி போடவில்லை” என்று உறவினர் குறைகூறுமிடத்து, போடாமையே சரியான மருத்துவமாதல் கூடும். அம்மருந்து பொருந்தாதவிடத்துக் கடும் ஒவ்வாமையை மட்டும் விளைக்கலாம். எனினும் மருந்தில்லை என்பதனால் வைத்தியசாலை வேண்டாம் என்பது முடிபன்று. கோப்பி விரியன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடும் கொப்புளத்தோடும் ஆறினும், சிலர்க்குக் குருதி உறையாமையும் சிறுநீரகச் செயலிழப்பும் உண்டாகும், இறந்தோரும் உளர். சிறிதளவு குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாது வைத்துப் பின் சாய்த்து, உறைந்ததா என்று பார்க்கும் எளிய சோதனையை மருத்துவர் மீளமீளச் செய்வர். சிறுநீரின் அளவையும் கணிப்பர். சிறுநீரகம் பழுதுறின் உரிய வேளையில் இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரித்து உயிர்காக்கலாம். ஆதலின் “சிறு பாம்புதானே” என்று மறுநாட்காலை பெரட்டுக்குப் போய்விடாது, மருத்துவர் விடும்வரை தங்குதல் வேண்டும்.

எல்லை வகுத்தல்

இறுதியாக ஒன்று. நாம் வேண்டுவது மனைக்கும் காட்டுக்கும் இடையில் ஓர் எல்லை. ஊர்வன யாவற்றையும் ஒழித்தல் நம் கருத்தன்று. நாகதம்பிரானுக்குப் பொங்கலிடும் மரபில் வந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. நுவரெலியா வேலிகளில் வெயில்காயும் கரிய உதட்டு ஓணானும், மூக்கிற் கொம்புடைய ஓணானும் உலகில் வேறெங்கும் இல்லாதன, சட்டத்தாற் காக்கப்படுவன. இலங்கையிற் பிறந்த படை மருத்துவர் கெலார்ட் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த புள்ளித் தவளையொன்று அதன்பின் எவர் கண்ணிலும் படாது, அற்றொழிந்ததென்றே எண்ணப்பட்டது. 2009ஆம் ஆண்டிற் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. அவ்வாறு மீளாது முற்றாக மறைந்த தவளை வகைகள் இலங்கையிற் பதினைந்துக்கு மேற்பட்டன.

தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவரை ஒரு நாள் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, பாடசாலைச் சுவரைச் சுற்றிச் சுண்டுவிரல் நுழையும் துளைகளை எண்ணச் செய்யுங்கள். கோப்பி விரியனின் படத்தையும் மெடில்லாவின் படத்தையும் அருகருகே வைத்து வேற்றுமை அறியச் செய்யுங்கள். 1990 என்னும் எண்ணை மனனம் செய்யச் செய்யுங்கள். அன்று மாலை அப்பிள்ளைகள் வீடு சென்று மிலாற்றுக் குவியலைத் தாய்க்குச் சுட்டிக்காட்டுவர். அதனைப் பரணிலேற்ற அரை நாள் உழைப்பும் நான்கு கவைக்கம்புகளும் போதும்.